ரேடான்: பாறையிலிருந்து மூச்சுக்காற்று வரை (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

யுரேனியம் என்றதும் சுரங்கமும் அணு உலையும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். உண்மையில் யுரேனியம் கொஞ்சமும் கலக்காத மண் என்று பூமியில் எதுவும் இல்லை. மண்ணில் இருக்கும் அந்த யுரேனியம் சிதைந்து சிதைந்து பல தனிமங்களாக மாறிக்கொண்டே போகிறது. அந்த வரிசையில் ரேடானுக்கு முன்னால் வருவதும் திடப்பொருள், பின்னால் வருவதும் திடப்பொருள். நடுவில் இது ஒன்று மட்டும் வாயு. ரேடானைப் பற்றி எழும் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு விடை இந்த ஒரு விஷயத்தில்தான் இருக்கிறது. அதனால் கீழே உள்ள பதில்களில் இதை நோக்கியே திரும்பத் திரும்ப வருவேன்.

ரேடான் என்றால் என்ன?

அணு எண் 86 கொண்ட தனிமம். ஹீலியம், நியான், ஆர்கான், கிரிப்டான், செனான் ஆகியவை அடங்கிய மந்த வாயுக் குடும்பத்தில், இயற்கையில் கிடைப்பவற்றுள் இதுவே மிகக் கனமானது. நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. தூய ரேடானை ஒரு லிட்டர் சேர்க்க முடிந்தால், நீரின் உறைநிலை வெப்பத்தில் அதன் எடை 9.73 கிராம் இருக்கும். அதே அளவு காற்றின் எடை 1.29 கிராம்தான். அதாவது காற்றைப்போல ஏழரை மடங்கு கனம்.

அதன் அணுக்களில் எதுவும் நிலையானதில்லை. எல்லாமே கதிரியக்கம் கொண்டவை. வெறும் ரேடான் என்று எழுதும் இடங்களில் பொதுவாகக் குறிப்பது ரேடான்-222 என்ற ஐசோடோப்பை, அதாவது அந்தத் தனிமத்தின் அணு வகைகளில் ஒன்றை. அதன் அரை ஆயுள் 3.82 நாட்கள். இன்று ஒரு குடுவையில் அடைத்து வைத்தால் நான்காம் நாள் பாதிதான் மிஞ்சும். 38 நாட்களில் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும்.

மந்த வாயு என்கிறார்கள். எதனோடும் சேரவே சேராதா?

ஏறத்தாழ அப்படித்தான். ஃபுளோரினோடு சேர்ந்து ரேடான் ஃபுளோரைடு உருவாவதை 1962-இல் அமெரிக்காவின் ஆர்கோன் (Argonne) ஆய்வுக்கூடத்தில் கண்டார்கள். மண்ணிலும் காற்றிலும் அது எதனோடும் சேர்வதில்லை. அந்த ஒட்டாத குணம்தான் அதை வெகுதூரம் அழைத்துச் செல்கிறது. வேறொரு தனிமமாக இருந்திருந்தால் வழியில் ஏதோ ஒரு கனிமத்தோடு ஒட்டி அங்கேயே நின்றிருக்கும்.

குளிர்வித்தால் என்ன ஆகும்?

பூஜ்யத்துக்குக் கீழே ஏறக்குறைய 62 டிகிரி செல்சியஸில் திரவமாகும், 71 டிகிரியில் உறையும். உறைந்த ரேடான் தன் கதிரியக்கத்தாலேயே மஞ்சளாக ஒளிரும். இன்னும் குளிர்வித்தால் அந்த ஒளி செம்மஞ்சளாக மாறும். இந்த ஒளியை வைத்துத்தான் ஒரு காலத்தில் இதற்கு "ஒளிர்வது" என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து நைட்டான் என்று பெயரிட்டிருந்தார்கள்.

அது எங்கிருந்து வருகிறது?

யுரேனியம்-238 தொடங்கி வைக்கும் சங்கிலியிலிருந்து. யுரேனியம்-238-இன் அரை ஆயுள் சுமார் 450 கோடி ஆண்டுகள். கிட்டத்தட்ட பூமியின் வயது. அதனால்தான் பூமி உருவானபோது இருந்த யுரேனியத்தில் பாதி இன்னும் மிச்சமிருக்கிறது. அது தோரியமாகி, புரோட்டாக்டினியமாகி, மீண்டும் யுரேனியமாகி, மீண்டும் தோரியமாகி, கடைசியில் ரேடியம்-226 ஆகிறது. ரேடியத்தின் அரை ஆயுள் 1,600 ஆண்டுகள். அது ஓர் ஆல்ஃபா துகளை, அதாவது ஒரு ஹீலியம் அணுக்கருவை, வெளியே தள்ளும் கணத்தில் ரேடான்-222 பிறக்கிறது.

சாதாரண மண் ஒரு கிலோவில் இருக்கும் ரேடியம், வினாடிக்கு ஏறத்தாழ 30 ரேடான் அணுக்களைப் பிறப்பிக்கிறது. உங்கள் காலடி மண்ணில் இந்த வரியைப் படித்து முடிப்பதற்குள் எத்தனை பிறந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ரேடான் காற்றில் தீர்ந்துபோகாமல் இருப்பதற்குக் காரணம் இதுதான். நான்கு நாளில் பாதியாகும் ஒரு பொருள் கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் காற்றில் இருந்துவருகிறது என்றால், அடியில் ஊற்று வற்றவில்லை என்று பொருள்.

கல்லுக்குள் பிறந்த அணு எப்படி வெளியே வரும்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. பாறைக்குள் ஓர் அணு சும்மா நகர முடியாது. கனிமத்தின் படிக அமைப்பு அதை இறுக்கிப் பிடித்திருக்கும். ஆனால் துப்பாக்கி சுடும்போது தோள் பின்னால் உதைபடுவதுபோல, ரேடியம் ஆல்ஃபா துகளை ஒரு திசையில் எறியும்போது புதிதாகப் பிறந்த ரேடான் அணு எதிர்த்திசையில் உதைபடுகிறது. அந்த உதையில் அது கல்லைத் துளைத்துக்கொண்டு 20 முதல் 70 நானோமீட்டர் வரை போகும். மிஞ்சிப்போனால் தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆகவே மணல் துகளின் விளிம்பை ஒட்டிப் பிறந்த அணுக்களுக்குத்தான் தப்பிக்க வழி உண்டு. நடுவில் பிறந்தவை அங்கேயே சிதைந்து முடியும்.

தப்பித்த அணுவுக்கும் இன்னொரு சோதனை காத்திருக்கிறது. துகளுக்கும் துகளுக்கும் இடையிலான இடுக்கு காய்ந்து காற்று மட்டும் இருந்தால், அது அதே வேகத்தில் இடுக்கைக் கடந்து எதிரிலிருக்கும் துகளுக்குள் போய்ப் புதைந்துவிடும். இடுக்கில் மெல்லிய நீர்ப்படலம் இருந்தால், அந்த நீர் வேகத்தைத் தாங்கி அணுவை நிறுத்திவிடும். அங்கிருந்து மெதுவாகக் காற்றுக்குள் கசியும். அதனால் சற்று ஈரமான மண், எலும்பாய்க் காய்ந்த மண்ணைவிட அதிகமாக ரேடானை விடுவிக்கிறது. அதே மண் முழுக்க நீரில் ஊறினால் கதை தலைகீழாகும். நிற்கும் நீரில் ரேடான் தன் ஆயுளுக்குள் சில சென்டிமீட்டர்தான் பரவ முடியும். காய்ந்த, இளகிய மண்ணில் ஒரு மீட்டர் அளவுக்கு வரும்.

இந்த ஒரு மீட்டர் கணக்கு முக்கியமானது. மிக ஆழத்தில் பிறக்கும் ரேடான் பொதுவாக நம்மை எட்டுவதில்லை. வழியிலேயே சிதைந்துவிடும். நம் காற்றில் கலப்பதில் பெரும்பகுதி மேலோட்டமான மண்ணில் பிறந்தது. பாறையில் விரிசலும் பிளவும் இருந்து, வேறு வாயுவோ நிலத்தடி நீரோ அதைச் சுமந்து வந்தால் மட்டுமே ஆழத்திலிருந்து வேகமாக மேலே வர முடியும்.

எந்தப் பாறைகளில் அதிகம்?

கிரானைட், யுரேனியம் செறிந்த கறுப்புக் களிப்பாறைகள், பாஸ்பேட் பாறைகள் ஆகியவற்றில். சுண்ணாம்புப் பாறையில் யுரேனியம் குறைவாக இருந்தாலும், குகைகளும் பிளவுகளும் நிறைந்த இடங்களில் ரேடான் எதிர்பாராத அளவுக்கு வெளிப்படும். காற்றோட்டம் குறைந்த குகைகளில் கன மீட்டருக்குப் பல ஆயிரம் பெக்கரல் அளவு கிடைப்பது வழக்கம். பெக்கரல் என்பது வினாடிக்கு ஒரு சிதைவு.

எவ்வளவு யுரேனியம் இருக்கிறது என்பதோடு, பிறந்த வாயு வெளியேற வழி இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பாறையின் பெயரை மட்டும் வைத்து முடிவு கட்டுகிறவர்கள் இந்த இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள். யுரேனியம் குறைந்த சரளை மேடு, யுரேனியம் மிகுந்த இறுகிய களிமண்ணைவிட அதிக ரேடானை மேலே அனுப்பக்கூடும்.

காற்றைவிடக் கனமானது என்றால் தரையில் தேங்கி நிற்குமா?

இந்தத் தவறான எண்ணம் பாடநூல் படித்தவர்களிடமும் வேரூன்றியிருக்கிறது. தரைத்தளத்தில் ரேடான் அதிகம் என்பது உண்மை, சொல்லப்படும் காரணம்தான் பிழை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். உலகெங்கும் உள்ள கட்டடங்களின் உட்காற்றில் சராசரியாகக் கன மீட்டருக்கு 40 பெக்கரல் ரேடான் இருப்பதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். அரை ஆயுளை வைத்துக் கணக்கிட்டால் ஒரு பெக்கரலுக்கு சுமார் 4,76,000 ரேடான் அணுக்கள். 40 பெக்கரலுக்கு ஏறத்தாழ 1.9 கோடி. பெரிய எண்ணாகத் தோன்றும். ஆனால் அதே கன மீட்டரில் இருக்கும் காற்று மூலக்கூறுகளின் எண்ணிக்கை 25-க்குப் பின்னால் 24 சுழியங்கள். ஒரு ரேடான் அணுவுக்குப் பத்தாயிரம் கோடி கோடிக்கும் குறையாத காற்று மூலக்கூறுகள் என்ற விகிதம். இவ்வளவு நீர்த்த நிலையில் தனி அடுக்காகப் படிய வழியே இல்லை. சாதாரணக் காற்றசைவே அதை எங்கும் கலந்துவிடும். தரைத்தளத்திலும் நிலவறையிலும் அதிகம் இருப்பதற்கு ஒரே காரணம், அவை மண்ணுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. வாசல் அருகே நிற்பவருக்கு வெளிச்சத்தம் அதிகம் கேட்பதுபோல.

வெளிக்காற்றில் எவ்வளவு இருக்கும்?

நிலப்பரப்பின் மேல் பொதுவாகக் கன மீட்டருக்கு 5 முதல் 15 பெக்கரல். ஒரே இடத்திலும் இது நாள் முழுக்க ஏறி இறங்கும். இரவில் தரை குளிர்ந்து காற்று அசையாமல் கிடக்கும்போது, மண்ணிலிருந்து வந்தது மேலே போகாமல் தரையை ஒட்டிச் சேரும். விடியற்காலையில் உச்சம். வெயில் ஏறி, காற்று மேலெழும்பத் தொடங்கியதும் சடசடவென்று குறையும்.

நடுக்கடலில் நிலைமை வேறு. கடல்நீரில் ரேடியம் மிகக் குறைவு, பிறப்பதும் எளிதில் மேலே வராது. கடல் வெளிவிடும் ரேடான் நிலம் விடுவதில் நூற்றில் ஒரு பங்கு அளவுதான். ஆகவே கடல்நடுவே ஒரு தீவில் ரேடான் திடீரென்று கூடினால், அந்தக் காற்று அண்மையில் ஏதோ ஒரு கண்டத்தின் மேலாகக் கடந்து வந்தது என்று தெரியும். ஹவாயின் மவுனா லோவா, டாஸ்மேனியாவின் கேப் கிரிம் போன்ற வளிமண்டல நிலையங்களில் காற்று வந்த வழியைக் கண்டறிய இதைப் பயன்படுத்துகிறார்கள். நான்கு நாள் அரை ஆயுள் இதற்கென்றே அளந்து வைத்ததுபோலப் பொருந்துகிறது.

மழை பெய்யும்போது கதிரியக்க அளவு கூடுகிறதே, கவலைப்பட வேண்டுமா?

வேண்டாம். காற்றில் ரேடான் சிதைந்து உருவான ஈயம்-214, பிஸ்மத்-214 அணுக்கள் தூசியில் ஒட்டியிருக்கும். மழை அவற்றைக் கழுவித் தரைக்குக் கொண்டுவருகிறது. கருவியில் அளவு ஏறும், சில மணி நேரத்தில் இறங்கிவிடும். புதிய மழைநீரில் கதிரியக்கம் இருப்பதை 1902-லேயே சி. டி. ஆர். வில்சன் பதிவு செய்திருக்கிறார்.

கட்டடங்களுக்குள் எப்படி நுழைகிறது?

கட்டடம் அதை உறிஞ்சுகிறது என்பதே சரியான விளக்கம். உள்ளே வெளியைவிட வெப்பமாக இருந்தால், சூடான காற்று மேல்பகுதி வழியாக வெளியேறும். அதை ஈடுகட்டக் கீழிருந்து காற்று இழுபடும். உள்ளழுத்தம் வெளியைவிடச் சில பாஸ்கல் குறைந்தாலே போதும். தரை விரிசல், குழாய் நுழையும் துளை, சுவரும் தரையும் சேரும் இடுக்கு எல்லாவற்றின் வழியாகவும் மண்ணின் இடுக்குகளில் இருந்த காற்று உள்ளே வரும். அந்த மண்காற்றில் ரேடான் கன மீட்டருக்குப் பல்லாயிரம் பெக்கரல் இருக்கும். கொஞ்சம் கசிந்தாலே போதுமானது. குளிர்நாடுகளில் குளிர்காலத்தில் அளவு உயர்வதற்கு இதுவும் மூடிய சன்னல்களும் காரணம்.

1984-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் நடந்தது இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. லிமெரிக் அணுமின் நிலையக் கட்டுமானத்தில் வேலை பார்த்த ஒரு பொறியாளர் கதிரியக்க எச்சரிக்கைக் கருவியைக் கடக்கும்போதெல்லாம் மணி அடித்தது. அந்த நிலையம் அப்போது இன்னும் மின்சாரம் தயாரிக்கத் தொடங்கியிருக்கவில்லை. தேடிப் பார்த்ததில் கதிரியக்கத் தூசி அவர் வீட்டிலிருந்து அவரோடு வந்திருந்தது. அவர் வீட்டுக் காற்றில் ரேடான் அளவு கன மீட்டருக்கு ஏறக்குறைய 1,00,000 பெக்கரல். யுரேனியச் சுரங்கத்தில் மட்டும் பிரச்சினை என்று பலர் நினைத்திருந்தார்கள், வீடுகளையும் அளப்பது அதற்குப் பிறகுதான் பரவலானது.

கிரானைட் தரையும் சமையல் மேடையும் ஆபத்தா?

பெரும்பாலும் இல்லை. மெருகேற்றிய இறுகிய பலகைக்கல்லிலிருந்து வெளிவருவது, அடியிலுள்ள மண் தருவதோடு ஒப்பிட்டால் மிகச் சொற்பம். விதிவிலக்கு உண்டு. சுவீடனில் யுரேனியம் நிறைந்த படிகாரக் களிப்பாறையைச் சேர்த்து "நீலக் கான்கிரீட்" என்ற இலேசான கட்டுமானக் கல்லை 1929 முதல் 1975 வரை உற்பத்தி செய்தார்கள். அந்த வீடுகளில் சுவரே ரேடானின் மூலமானது.

தண்ணீரில் ரேடான் இருக்குமா?

இருக்கும். 20 டிகிரி செல்சியஸில் நீரும் காற்றும் சமநிலைக்கு வந்தால், நீரில் உள்ள செறிவு காற்றில் உள்ளதில் கால்பங்கு இருக்கும். நீர் குளிர்ந்தால் இன்னும் அதிகமாகக் கரையும். ஆறு, ஏரி நீரில் ரேடான் மிகக் குறைவு, ஏனென்றால் திறந்த வெளியில் அது காற்றுக்குத் தப்பிவிடும். கிரானைட் பிளவுகளில் ஓடும் நீரை எடுக்கும் ஆழ்துளைக் கிணறுகளில்தான் கவனம் தேவை.

குடிப்பதால் வரும் பாதிப்பைவிட, நீர் தெறிக்கும்போது காற்றில் கலப்பது பெரியது. குளிக்கும்போதும் துணி துவைக்கும்போதும் வாயு பிரிந்து அறைக்குள் வரும். நீரில் இருக்கும் 10,000 பங்கு, வீட்டுக் காற்றில் ஏறக்குறைய 1 பங்கு சேர்க்கும் என்பது நடைமுறைக் கணக்கு. இதில் நல்ல செய்தியும் உண்டு. நீரைக் காற்றோடு நன்றாகக் கலக்கிவிட்டால் ரேடான் போய்விடும்.

தோரான் என்பது வேறா?

அதே தனிமத்தின் இன்னொரு ஐசோடோப்பு, ரேடான்-220. தோரியத்தின் வழியில் வருவது. அரை ஆயுள் 55.6 வினாடி மட்டுமே. ஒரு நிமிடத்தில் பாதி போய்விடுவதால் மண்ணில் சில சென்டிமீட்டருக்கு மேல் வர முடியாது. தோரியம் நிறைந்த மண்ணாலோ கல்லாலோ ஆன சுவரை ஒட்டிய காற்றில் அதிகமாகவும், அறை நடுவில் மிகக் குறைவாகவும் இருக்கும். தோரியம் கொண்ட மோனசைட் மணல் படியும் கேரளக் கரை, பிரேசிலின் குவாராபாரி போன்ற இடங்களில் ஆய்வாளர்கள் இதைத் தனியே கவனித்து அளக்கிறார்கள். யுரேனியம்-235 வழியில் வரும் ரேடான்-219, ஆக்டினான் எனப்படுவது, நான்கு வினாடியில் பாதியாகிவிடும். அதைப் பற்றி அன்றாட வாழ்வில் கவலைப்பட ஒன்றும் இல்லை.

உடலுக்கு அது எப்படித் தீங்கு செய்கிறது?

மூச்சில் உள்ளே போகும் ரேடானில் பெரும்பகுதி அப்படியே வெளியே வந்துவிடும். அது எதனோடும் ஒட்டாத வாயு என்று முன்பே பார்த்தோம். தீங்கு செய்பவை அதற்குப் பின்னால் வரும் பொலோனியம்-218, ஈயம்-214, பிஸ்மத்-214, பொலோனியம்-214. இவை வாயு இல்லை, உலோகங்கள். பிறந்த உடனே காற்றிலுள்ள தூசியில் ஒட்டிக்கொள்கின்றன, மூச்சோடு போய் மூச்சுக்குழல் கிளைகளின் ஈரச் சவ்வில் படிகின்றன. பொலோனியம்-218-இன் அரை ஆயுள் 3 நிமிடம், அடுத்த இரண்டும் முறையே 27, 20 நிமிடங்கள். சளியோடு உடல் அவற்றை வெளியேற்றுவதற்குள் பெரும்பாலானவை அங்கேயே சிதைந்துவிடும். பொலோனியம் இரண்டும் ஆல்ஃபா துகளை வெளிவிடும்.

ஆல்ஃபா துகளை ஒரு காகிதம் நிறுத்திவிடும் என்று படித்திருப்பீர்கள். தோலில் பட்டால் மேலுள்ள இறந்த செல்கள் தடுத்துவிடும். மூச்சுக்குழலின் உட்புறத்தில் அப்படி ஒரு கவசம் கிடையாது. திசுவுக்குள் 40 முதல் 70 மைக்ரோமீட்டர் தூரத்தில் அத்துகள் தன் ஆற்றல் முழுவதையும் கொட்டுகிறது, அங்கே இருப்பது உயிருள்ள செல்களும் அவற்றின் மரபுப்பொருளும். யுரேனியம் கல்லுக்குள்ளேயே கிடந்திருந்தால் இந்த உலோகங்கள் நுரையீரலை எட்டியிருக்கவே முடியாது. நடுவில் ஒரு கண்ணி வாயுவாக இருப்பதுதான் அவற்றை இவ்வளவு தூரம் கொண்டுவந்து சேர்க்கிறது.

இதற்கு மனிதர்கள் கொடுத்த விலை பழையது. ஜெர்மனியின் ஷ்னீபெர்க், செக் நாட்டின் யாக்கிமோவ் சுரங்கங்களில் வேலை செய்தவர்கள் இளவயதிலேயே மூச்சுத்திணறி இறப்பதை 16-ஆம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்தார்கள். 1879-இல் ஹார்ட்டிங், ஹெஸ்ஸே என்ற இரு மருத்துவர்கள் ஷ்னீபெர்க் தொழிலாளரின் உடல்களை ஆராய்ந்து, அது நுரையீரலில் வரும் புற்று என்று காட்டினார்கள். ரேடான் என்ற பொருள் இருப்பதே அப்போது யாருக்கும் தெரியாது. மேரி கியூரி ரேடியத்தைப் பிரித்தெடுத்த கனிமம் யாக்கிமோவிலிருந்து போனதுதான். அந்தத் தொழிலாளர்களின் பெயர்கள் பெரும்பாலும் எங்கும் இல்லை, ரேடானைப் பற்றிய மருத்துவ அறிவு அவர்களிடமிருந்துதான் தொடங்கியது.

தலைவலி, மயக்கம் போன்ற அறிகுறிகள் தெரியுமா?

எதுவும் தெரியாது. அளந்தால்தான் தெரியும்.

புகைப்பிடிப்பவர்களுக்கு ஆபத்து அதிகமா?

மிக அதிகம். ஒரே அளவு ரேடானில், புகைப்பிடிப்பவருக்கு அதனால் நுரையீரல் புற்று வரும் வாய்ப்பு புகைப்பிடிக்காதவரைவிட 25 மடங்கு என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கணக்கு இதை இன்னும் தெளிவாகக் காட்டும். கன மீட்டருக்கு 148 பெக்கரலில் வாழ்நாள் முழுக்க இருந்தால், புகைப்பிடிக்காத 1,000 பேரில் 7 பேருக்கும், புகைப்பிடிக்கும் 1,000 பேரில் 62 பேருக்கும் நுரையீரல் புற்று வரக்கூடும். இரண்டும் சேரும்போது ஒன்றின் தீங்கை மற்றொன்று பெருக்குகிறது.

எந்த அளவுக்கு மேல் கவனிக்க வேண்டும்?

உலக சுகாதார நிறுவனம் 2009-இல் கன மீட்டருக்கு 100 பெக்கரலைப் பரிந்துரைத்தது. அது முடியாத நாடுகள் 300-ஐத் தாண்டக் கூடாது என்றது. அமெரிக்காவில் நடவடிக்கை எடுக்கச் சொல்லும் அளவு 148 பெக்கரல். பழைய அலகில் அது லிட்டருக்கு 4 பிக்கோகியூரி. ஒரு பிக்கோகியூரி லிட்டருக்கு என்பது 37 பெக்கரல் கன மீட்டருக்குச் சமம்.

இந்த எண்களைப் பாதுகாப்புக்கும் ஆபத்துக்கும் நடுவே போட்ட கோடாக நினைத்துவிடாதீர்கள். நீண்டகாலச் சராசரி 100 பெக்கரல் கூடினால் நுரையீரல் புற்று அபாயம் ஏறக்குறைய 16 விழுக்காடு கூடுகிறது. 90-க்கும் 110-க்கும் நடுவில் திடீரென்று எதுவும் மாறுவதில்லை. ரேடானால் வரும் புற்றுகளில் பெரும்பகுதி, நடுத்தர அளவுள்ள வீடுகளில்தான் வருகிறது. மிக அதிக அளவுள்ள வீடுகள் சில, நடுத்தர அளவில் வாழ்பவர்கள் பலர்.

எப்படி அளக்கிறார்கள்?

செயற்படு கரி நிரப்பிய சிறு டப்பாவைச் சில நாள் திறந்து வைத்து ஆய்வகத்துக்கு அனுப்புவது ஒரு வழி. மூன்று மாதம் முதல் ஓராண்டு வரை அறையில் வைக்கும் சிஆர்-39, எல்ஆர்-115 போன்ற படலங்கள் இன்னொரு வழி. ஆல்ஃபா துகள் படலத்தில் பட்ட இடத்தில் கண்ணுக்குத் தெரியாத தழும்பு விழும். காரக் கரைசலில் ஊறவைத்தால் தழும்புகள் குழிகளாகப் பெரிதாகும், நுண்ணோக்கியில் எண்ணலாம். ரேடான் நாளுக்கு நாள், மணிக்கு மணி மாறுவதால், முடிந்தால் நீண்டகால அளவையே நம்புங்கள். ஒரு வாரத்து அளவு அந்த வாரத்து வானிலையையும் சேர்த்தே சொல்லும்.

கெய்கர் கருவி கையில் இருப்பவர்கள் ஓர் எளிய சோதனை செய்து பார்க்கலாம். ஊதிய பலூனைக் கம்பளியில் தேய்த்து மின்னேற்றி, மூடிய அறையில் அரைமணி நேரம் தொங்கவிடுங்கள். காற்றிலிருக்கும் பொலோனியமும் ஈயமும் அதில் ஒட்டும். காற்றை இறக்கிவிட்டுக் கருவியருகே கொண்டுபோனால் எண்ணிக்கை கூடும், இரண்டு மூன்று மணி நேரத்தில் அடங்கும்.

குறைக்க என்ன வழி?

தரைக்கு அடியிலிருந்து ஒரு குழாயை மேலேற்றி, விசிறி வைத்து மண்காற்றைக் கூரைக்கு மேலே வெளியேற்றுவதே மிகப் பலனளிக்கும் முறை. தரைக்கு அடியில் அழுத்தம் வீட்டுக்குள் இருப்பதைவிடக் குறையும், அதனால் காற்று உள்ளே வராது. விரிசல்களை அடைப்பது துணை செய்யும், அது மட்டும் போதாது. சன்னலைத் திறந்தால் குறையும், மூடினால் சில மணி நேரத்தில் திரும்பிவிடும்.

யார் கண்டுபிடித்தார்கள்?

மாண்ட்ரியல் மெக்கில் பல்கலைக்கழகத்தில் 1899-இல் ராபர்ட் ஓவன்ஸ் தோரியத்தின் கதிரியக்கத்தை அளந்துகொண்டிருந்தார். அளவு நிலையாக இல்லை. கதவைத் திறந்தால் வரும் சிறு காற்றுக்கே மாறியது. கதிரைக் காற்று தள்ளாது. ஆகவே தோரியத்திலிருந்து ஏதோ ஒரு பொருள் வெளியேறிக் காற்றோடு போகிறது என்று எர்னெஸ்ட் ரூதர்போர்டு புரிந்துகொண்டார். அது தோரான். அதன் கதிரியக்கம் ஒரு நிமிடத்தில் பாதியாவதைக் கண்டதிலிருந்துதான் அரை ஆயுள் என்ற கருத்தே பிறந்தது. 1900-இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் பிரெடரிக் டோர்ன் ரேடியத்திலிருந்து வரும் வாயுவைக் கண்டார். 1910-இல் வில்லியம் ராம்சேவும் விட்லா-கிரேயும் ஒரு கன மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத ரேடானை மிக நுண்ணிய தராசில் நிறுத்து அதன் அடர்த்தியைக் கண்டார்கள். ஒரு கிராம் ரேடியத்தோடு சமநிலையில் இருக்கும் ரேடானே 0.66 கன மில்லிமீட்டர்தான் என்பதை நினைத்தால், அந்தக் கைகளின் பொறுமை வியக்க வைக்கிறது. ரேடான் என்ற பெயர் 1923-இல் நிலைத்தது.

நிலநடுக்கத்தை முன்னறிவிக்குமா?

1966 தாஷ்கண்ட் நிலநடுக்கத்துக்கு முன் ஆழ்கிணற்று நீரில் ரேடான் உயர்ந்திருந்தது. 1995 கோபே நிலநடுக்கத்துக்கு முந்தைய மாதங்களிலும் நிலத்தடி நீரில் அப்படியே. பாறை நெரிபடும்போது புதிய விரிசல்கள் திறந்து, சிக்கியிருந்த ரேடான் வெளிவருவது இயல்புதான். ஆனால் மழையும் காற்றழுத்தமும்கூட அதே ஏற்றத்தைத் தரும். ரேடான் உயர்ந்தும் நிலம் அசையாத காலங்கள் ஏராளம். இதை வைத்து ஓர் ஊரைக் காலி செய்யச் சொல்ல முடியாது.

நிலவில் ரேடான் உண்டா?

உண்டு. 1971-இல் அப்போலோ 15 விண்கலம் நிலவைச் சுற்றியபோது, அதிலிருந்த ஆல்ஃபா அளவி அரிஸ்டார்க்கஸ் பள்ளத்தின் மேல் ரேடான்-222 கூடியிருப்பதைக் காட்டியது. காற்றில்லாத அந்த நிலத்தில் வெளிவரும் அணுவைச் சுமந்து செல்ல எதுவும் இல்லை. நிலவின் ஈர்ப்பில் எழும்பி, விழுந்து, மறுபடி எழும்பித் தாவித் தாவிப் போகிறது. அதன் ஆயுள் சில நாட்கள்தான் என்பதால், அரிஸ்டார்க்கஸில் கருவி கண்டது அண்மையில் நிலவின் உள்ளிருந்து கசிந்ததாகத்தான் இருக்க வேண்டும்.